பேச்சு ஆங்கிலம்: யாருடைய பேச்சு?

ரொறன்ரோவில் எம்மவர் வெளியிடும் இலவச விளம்பரப் பத்திரிகை எதையேனும் புரட்டிப் பாருங்கள். வீடு விற்பவர், வழக்கறிஞர், நகைக்கடை, நடன வகுப்பு என்பவற்றுக்கிடையே எங்காவது ஒரு மூலையில் 'பேச்சு ஆங்கிலம்' இருக்கும். மூன்று மாதம் என்பார் ஒருவர், முப்பது நாள் போதும் என்பார் இன்னொருவர். இதே சரக்கு நூல் வடிவில் தமிழ்நாட்டிலிருந்தும் டெல்லியிலிருந்தும் நீண்ட காலமாகவே வந்துகொண்டிருக்கிறது. புஸ்தக் மஹால் வெளியிட்ட 'ரபிடெக்ஸ்' பயிற்சி நூலுக்குக் கிரிக்கெட் வீரர் கபில்தேவ் விளம்பரத்தில் தோன்றியது என் வயதுக்காரர் பலருக்கு ஞாபகமிருக்கும். தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றினூடாக ஆங்கிலம் கற்பித்த நூல் அது. இவற்றை ஏளனம் செய்வது என் நோக்கமல்ல. ஆங்கிலப் பாடசாலையின் வாசலை மிதிக்க முடியாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்நூல்கள்தான் ரீச்சராக இருந்தன. ஏளனம் செய்பவர்கள் பெரும்பாலும் வேறு வாசலால் உள்ளே போனவர்கள்.

எனது விமர்சனம் வேறொன்றைப் பற்றியது. இந்நூல்களும் இவ்வகுப்புகளும் தமக்குள் எவ்வளவு வேறுபட்டாலும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றன. அன்றாட ஆங்கிலம் என்பதை அவை மரபுத்தொடர்களின் பட்டியலாகவே விளங்கிவைத்திருக்கின்றன. பூனையும் நாயுமாக மழை பெய்யும். ஒருவர் வாளியை உதைத்து இறந்துபோவார். கேக் துண்டு போல வேலை இலகுவாயிருக்கும். ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் உதிரிப்பாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் பதினைந்து வருடத்துக்கு மேலாக நான் வேலை செய்கிறேன். ஊரில் பல்கலைக்கழகமொன்றில் பொருளியல் படிப்பித்தவன். இத்தனை வருடத்தில் பூனையும் நாயும் ஒருநாளாவது அங்கு பெய்ததில்லை. மழை பெய்தால் 'இற்ஸ் போரிங்' என்பார்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் ஜக்கற்றைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு ஓடுவார்கள்.

அங்கு நாள் முழுக்கக் கேட்பது வேறு சொற்கள். புற், கெற், ரேக், கோ, கம், கீப், லெற் என்று ஏழெட்டு வினைகள். அவற்றின் பின்னால் அப், ஓஃப், அவுற், ஓன், டவுன், பக் என்று ஏழெட்டு வால்கள். இவற்றைப் பெருக்கினால் வருவதே வேலைத்தலத்து ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லும் எமக்குத் தெரிந்ததுதான், ஐந்தாம் வகுப்பிலேயே படித்ததுதான். இரண்டு சேரும்போதுதான் கால் இடறுகிறது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் புகை அலார்ம் அடித்தது. நான்கு இயந்திரம் தள்ளி நின்ற எம்மூர்ப் பெண்ணொருவருக்கு, இயந்திர இரைச்சலிலும் காதடைப்பானிலும் அது கேட்கவில்லை. ஓடிவந்த சக தொழிலாளி கத்திச் சொன்னது இவ்வளவே: 'அலார்ம் வென்ற் ஓஃப்!' அப்பெண் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஏன் தொடரமாட்டார்? லைற்றை ஓஃப் பண்ணினால் லைற் அணையும். மெஷினை ஓஃப் பண்ணினால் மெஷின் நிற்கும். அப்படியானால் அலார்ம் ஓஃப் ஆகிவிட்டது என்றால் அடித்தது நின்றுவிட்டது என்றுதானே பொருள்? அவரது தர்க்கத்தில் ஒரு பிழையுமில்லை. பிழை ஆங்கிலத்தில் இருக்கிறது. 'ரேர்ண் ஓஃப்' என்றால் அணைத்தல், 'கோ ஓஃப்' என்றால் அலார்ம் அடித்தல், துவக்கு வெடித்தல், குண்டு வெடித்தல். இன்னும் சில இடங்களில் பால் பழுதாதலும் அதுவே. அன்று எவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை; வேறொருவர் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஆனால் வாளியை உதைப்பது எப்படி என்று சொல்லித்தரும் நூல்களில் இது ஏன் முதற் பக்கத்தில் இல்லை என்பதே என் கேள்வி.

இவ்விடத்தில் எமது கல்வியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்துக்கு ஆங்கிலம் வந்தது மிஷன் பாடசாலைகளால். 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டைக் குருமடத்தைப் பற்றி நாம் இன்றும் பெருமை பேசுகிறோம். அந்த ஆங்கிலம் பிரசங்கத்துக்கும் பரீட்சைக்கும் பிறகு கந்தோருக்கும் உரியது. கிளறிக்கல் உத்தியோகத்துக்காகவும் மலாயா றெயில்வேக்காகவும் கற்ற ஆங்கிலம். மனு எழுதும் ஆங்கிலம். 1956க்குப் பிறகு உத்தியோகம் போனது, ஆயினும் மனு ஆங்கிலம் பாடப்புத்தகத்தில் தங்கிவிட்டது. ஆகவே எம்மவர்க்கு 'போஸ்ற்போன்' தெரியும், 'புற் ஓஃப்' தெரியாது. 'ரொலறேற்' தெரியும், 'புற் அப் வித்' தெரியாது. 'எக்ஸ்ரிங்குவிஷ்' தெரியும், தீயைப் 'புற் அவுற்' பண்ணத் தெரியாது.

இந்தச் சோடிகளின் பின்னால் வர்க்க வரலாறொன்றும் இருக்கிறது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்ததன் பின், அரசவை, நீதிமன்றம், கல்வி ஆகியவற்றின் சொற்கள் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தன. வயலிலும் பட்டறையிலும் பழைய சிறு வினைகள் தங்கின. நாம் கடல் கடந்து இறக்குமதி செய்தது மேல்மாடிச் சொற்களை. வேலைக்குச் சேர்ந்திருப்பதோ கீழ்மாடியில். எங்கள் தொழிற்சாலையில் நான் 'டிஸ்கொன்ரினியூ' என்று சொன்னால் போர்க்லிஃப்ற் ஓட்டும் ஜமேக்கா நண்பர் என்னை 'புறொபெசர்' என்று கூப்பிடுவார். அதில் பகிடியுமுண்டு, கொஞ்சம் அனுதாபமும் உண்டு.

உண்மையில் இதை விளங்கிக்கொள்ள எம்மைவிடத் தகுதியானவர்கள் குறைவு. எழுத்துக்கு ஒரு மொழி, பேச்சுக்கு இன்னொரு மொழி என்று இரண்டாயிரம் வருடப் பாரம்பரியத்தைத் தூக்கித் திரிபவர்கள் நாம். சார்ள்ஸ் பெர்கூசன் 1959இல் இரட்டை வழக்குப் பற்றி எழுதிய கட்டுரைக்கு அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜேர்மன், ஹெயிட்டிக் கிரியோல் என்பவற்றைத்தான் முதன்மை உதாரணங்களாக எடுத்தார். எனினும் பின்வந்த ஆய்வாளர்கள் இவ்விடயத்தைப் பேசும்போது தமிழைத் தொடாமல் விடுவதில்லை. அப்படிப்பட்ட நாம், ஆங்கிலத்தில் மட்டும் எழுதியதுபோலப் பேசாதவனைப் 'பட்லர் இங்கிலிஷ்' என்று சிரிக்கிறோம்.

சிறு வினைகளின் தொல்லையும் எமக்குப் புதிதல்ல. தமிழ் கற்கவரும் வெள்ளைக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 'எடு' என்பதற்கு அகராதி ஒரு பொருள் தரும். அதை வைத்துக்கொண்டு அவர் பசி எடுப்பதையும் வாந்தி எடுப்பதையும் படம் எடுப்பதையும் லீவு எடுப்பதையும் எப்படி விளங்குவார்? 'போடு' தெரிந்தவர் தேத்தண்ணி போடச் சொன்னால் கோப்பையைக் கீழே போடமாட்டாரா? கையெழுத்துப் போடுவது, சண்டை போடுவது, சட்டை போடுவது, 'சொல்லிப்போட்டான்' என்பது எல்லாம் ஒரே 'போடு'தானா? இதை நாம் எவரும் பட்டியலில் மனனம் செய்து கற்கவில்லை. குசினியில், முற்றத்தில், அடிவாங்கிக் கற்றோம்.

சீ. கே. ஒக்டன் என்ற ஆங்கிலேயர் 1930இல் 'பேசிக் இங்கிலிஷ்' என்றொரு திட்டத்தை முன்வைத்தார். 850 சொற்கள் போதும், உலகம் முழுவதும் ஆங்கிலம் பேசலாம் என்பது அவரது வாதம். வினைகளை அவர் பதினெட்டாகக் குறைத்தார். பார்ப்பதற்கு எவ்வளவு கருணையான ஏற்பாடு! ஆனால் குறைத்த வினைகளின் வேலையை 'புற்', 'கெற்', 'கோ' ஆகியவற்றின் தலையில் சுமத்தி, அப், ஓஃப், அவுற் சேர்த்துச் செய்விக்கவேண்டியிருந்தது. அதாவது கற்பவனுக்கு எது மிகக் கடினமோ அதையே இலகு என்று பெயரிட்டுக் கொடுத்தார். சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் கஷ்டம் குறையும் என்று எண்ணும் இன்றைய முப்பது நாள் வியாபாரத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

சொல் ஒருபுறமிருக்க, சொல்லும் முறை இன்னொன்று. இந்நாட்டில் மேற்பார்வையாளர் கட்டளையிடுவதில்லை, கேட்கிறார். 'அந்த மெஷினைத் துடைக்க விரும்புகிறீரா?' என்கிறார். 'நீர் கையுறை போட விரும்பக்கூடும்' என்கிறார். வேறொரு தொழிற்சாலையில் வன்னியிலிருந்து வந்த ஒரு கமக்காரர், நேர்மையான மனிதர், இப்படிக் கேட்கப்பட்டபோது 'நோ, தாங்க்யூ' என்று மரியாதையாகப் பதில் சொன்னார். மறுநாள் அவர் கையில் எழுத்துமூல எச்சரிக்கை, கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லையாம். அதில் கையெழுத்து வேறு வாங்கியிருந்தார்கள். இதைக் கேட்டு எங்கள் மதியச் சாப்பாட்டு மேசையில் சிரித்தவர்களிடம் நான் ஒன்று கேட்டேன். 'தம்பி, ஒருக்காக் கடைக்குப் போட்டு வாறியே?' என்று அம்மா கேட்டபோது எவனாவது 'இல்லை, நன்றி' என்றிருப்போமா? கேள்வியின் உடுப்பில் வரும் கட்டளை எம்மொழியிலும் உண்டு. அதை அடையாளம் காண்பது இலக்கணத்தால் அல்ல, யார் யாரிடம் பேசுகிறார் என்ற அறிவால். அதிகாரம் தன்னைக் கட்டளையாகக் காட்டிக்கொள்ளாத இடத்தில் மொழி கற்பவன் இரட்டிப்பாக ஏமாறுகிறான். 'வீ ஹாவ் ரு லெற் யூ கோ' என்ற வசனத்தைக் கேட்டு, இன்று வேளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தவர்களும் எம்மிடையே உண்டு.

மாறாக, 'லே ஓஃப்' என்ற சொல்லை எவரும் எம்மவர்க்குப் படிப்பிக்கவில்லை. 'என்னை லேஓஃப் பண்ணிப்போட்டாங்கள்' என்று ஆங்கிலம் ஒரு வரி பேசாத முதியவரும் சொல்வார். அடித்த சொல் மறப்பதில்லை.

அரசாங்க வகுப்புகள் இதற்கு என்ன செய்கின்றன? 1992இல் மத்திய அரசு 'லிங்க்' எனப்படும் புதுக்குடிவரவாளர் மொழிப் பயிற்சியைத் தொடங்கியது. 1996இல் முதன்முதல் வெளிவந்து 2012இல் திருத்தப்பட்ட கனடிய மொழி அளவுகோல் பன்னிரண்டு நிலைகளைக் கொண்டது. இலவச வகுப்பு, சில இடங்களில் பிள்ளை பராமரிப்பும் உண்டு. குறை சொல்ல முன் இதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் லிங்க் வகுப்பு நிரந்தர வதிவாளருக்கும் அகதியாக ஏற்கப்பட்டவருக்குமே உரியது. அகதிக் கோரிக்கை முடிவாகாதவருக்கு இல்லை. குடியுரிமை எடுத்தவருக்கும் இல்லை. அவர்களுக்கு மாகாணப் பணத்தில் பாடசாலைச் சபைகள் நடத்தும் வகுப்புகளே கதி. எம்மவர் வாழ்க்கையை இதனோடு பொருத்திப் பாருங்கள். வந்த முதல் வருடங்களில் கடனும் ஊருக்கு அனுப்பவேண்டிய காசும் கழுத்தை நெரிக்கும், இரண்டு வேலை. மூச்சுவிட்டு நிமிர்ந்து ஒரு வகுப்புக்குப் போவோம் என்று நினைக்கும்போது கையில் குடியுரிமைப் பத்திரம்; அந்தக் கதவு சாத்தியாயிற்று.

நான் பார்த்த பாடத்தாள்களில் கற்பவர் எப்போதும் வாடிக்கையாளர், நோயாளி, வேலை தேடுபவர். வங்கியில் கணக்குத் திறக்கிறார், டொக்டரிடம் நேரம் கேட்கிறார், நேர்முகத்தில் புன்னகைக்கிறார். வேலை கிடைத்தபின் அவர் வாய் திறக்கும் பாடங்கள் மிகச் சொற்பம். முறையிடுவது எப்படி, மறுப்பது எப்படி, 'திரும்பச் சொல்லும், விளங்கவில்லை' என்று தலைகுனியாமல் கேட்பது எப்படி? நிறுவனங்களின் 'மென்திறன்' பயிற்சிகள் இன்னும் மோசம். 'கனடிய அனுபவம்' கேட்பது பாகுபாடாகும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இல் கொள்கை வெளியிட்டது. வேலை விளம்பரங்களில் அதைக் கேட்பதைத் தடைசெய்யும் மாகாணச் சட்டம் 2024இல் நிறைவேறியது. எழுத்தில் கேட்கமுடியாததை இனிப் பேச்சில் தேடுவார்கள் என்பது என் ஊகம். ஹொக்கி பற்றி இரண்டு வார்த்தை கதைக்கத் தெரிந்தவன் 'எங்களுக்குப் பொருந்துவான்', தெரியாதவன் பொருந்தான். (ரொறன்ரோக் குழு 1967இல் ஸ்ரான்லிக் கிண்ணத்தை வென்றது, அதன்பின் பல தசாப்தங்களாக வெல்லவேயில்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு பெருமூச்சு விடப் பழகினால் இப்பரீட்சையில் பாதிப் புள்ளி எடுக்கலாம்.)

என் கணிப்பில் ஒரு தொழிலாளி கற்கவேண்டிய முதல் வசனங்கள் சட்டத்தில் இருக்கின்றன. ஒன்ராறியோவின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, ஆபத்தென்று நம்பக் காரணமிருந்தால் வேலையை மறுக்கும் உரிமையைத் தருகிறது. நிரூபிக்கத் தேவையில்லை, நம்பக் காரணமிருந்தால் போதும். மறுத்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்று 50ஆம் பிரிவு சொல்கிறது. சட்டப் பிரதியையும் விளக்கத்தையும் ஆங்கிலத்திலும் அவ்வேலைத்தலத்துப் பெரும்பான்மையோரின் மொழியிலும் ஒட்டவேண்டும் என்றும் அச்சட்டத்தில் இருக்கிறது. நல்லது. ஆனால் தமிழில் வாசித்தறிந்த உரிமையை மேற்பார்வையாளரிடம் ஆங்கிலத்தில்தானே சொல்லவேண்டும்? 'ஐ ஆம் றெஃபியூசிங் திஸ் வேர்க், ஐ திங்க் இற்ஸ் நொற் சேஃப்' என்ற ஒரு வசனத்தை எத்தனை பேச்சு ஆங்கில நூல்கள் அச்சிட்டிருக்கின்றன? இவ்வசனத்தைச் சரியான உச்சரிப்பில் சொல்லவேண்டுமென்றுகூட இல்லை. 'நோ. நொற் சேஃப். கோல் த றெப்' என்று உடைத்துச் சொன்னாலும் போதும். அந்த உடைந்த ஆங்கிலம் வேறெந்த அழகிய மரபுத்தொடரைக் காட்டிலும் வேலை செய்யும்.

இனி 'யாருடைய பேச்சு' என்ற விடயம். எம்மவர் மனதில் ஆங்கிலத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், அவன் வெள்ளையன், அவனைப்போலப் பேசுவதே கல்வி. எங்கள் சாப்பாட்டு அறையில் பிலிப்பினோக்காரர், ஜமேக்கர், குஜராத்தியர், சோமாலியர், தமிழர் இருக்கிறோம். 'டபிள் டபிள்' என்றால் இரண்டு கிறீம், இரண்டு சீனி போட்ட கோப்பி என்பதை எனக்குச் சொன்னது மணிலாவில் பிறந்த பெண். (இச்சொல் 2004இல் கனடிய ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியிலும் ஏறிவிட்டது, அகராதி தாமதமாகத்தான் வரும்.) மின்சாரக் கட்டணத்துக்கு ஏன் 'ஹைட்றோ பில்' என்கிறார்கள் என்று விளக்கியவர் குஜராத்தியர்: 1906இல் தொடங்கிய நீர்மின் ஆணைக்குழுவின் பெயர் மின்சாரத்துக்கே பெயராகிவிட்டது. ஸ்காபரோவில் வளரும் எங்கள் பிள்ளைகளோ ஜமேக்கக் கிரியோலிலிருந்து 'ஆலாய்' என்றும் 'யூற்' என்றும், சோமாலியத் தோழர்களிடமிருந்து 'வல்லாஹி' என்றும் எடுத்துப் பேசுகிறார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் டெறெக் டெனிஸ் போன்ற மொழியியலாளர் இதை ஒரு நகரப் பேச்சுவழக்காகவே ஆய்கிறார்கள். பெற்றோர் இதைக் கேட்டு 'காவாலிப் பாஷை' என்று பதறுகிறார்கள். பதறும் அதே பெற்றோர் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக முன்னே தள்ளுகிறார்கள். பிள்ளை எங்கே கற்றது? தெருவில் கற்றது. தெருவை வேண்டாமென்று அதன் பலனை மட்டும் எப்படி எடுப்பது?

இலங்கையில் சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள் என்று அழைத்தார்கள். பேராதனையில் படிப்பித்த மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் இச்சொல்லை வைத்தே ஒரு முக்கிய கட்டுரை எழுதினார். வெட்டுபவன் கையில் வாள் இருப்பதை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் இங்குள்ள எம்மவரிடம் அந்த வாள் அந்நியனுக்கெதிராக அல்ல, பெரும்பாலும் எமக்குள்ளேயே சுழற்றப்படுகிறது. கூட்டங்களில் ஒருவர் ஆங்கிலத்தில் தடுமாறினால் முதலில் சிரிப்பது தமிழ்ப் பற்கள்தாம்.

சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில் செய்த ஆய்வொன்று, 1999இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட அவரது நூலில் இடம்பெற்றது. யுத்தத்தின் நடுவே, அமெரிக்க வாழ்க்கையைப் பேசும் இறக்குமதிப் பாடநூலொன்றைக் கட்டாயமாகப் படித்த மாணவர்கள், அந்நூலின் ஓரங்களில் எழுதியவற்றையும் வரைந்தவற்றையும் அவர் சேகரித்துப் பார்த்தார். சினிமா, காதல், போராட்டம் எல்லாம் ஓரத்தில் இருந்தன. நடுப்பக்கத்தின் அமெரிக்கர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அம்மாணவர்கள் வகுப்பில் கேட்டதோ பரீட்சைக்கான இலக்கணத்தை. அந்த ஓரக் குறிப்புகளைப் பற்றி வாசித்தபோது எனக்குத் தோன்றியது, எமக்கு வேண்டிய பாடநூல் ஓரத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது.

எங்கள் தொழிற்சாலையில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். யார் எந்தச் சொல்லில் இடறினாலும் அன்றே, யார் சொன்னது, எந்த இடத்தில், சொன்னபின் என்ன நடந்தது என்பதோடு எழுதவேண்டும். அகராதிப் பொருள் கடைசியில்தான். 'கோ ஓஃப்' அதில் முதலாவது. 'ஹெட்ஸ் அப்' என்ற பதிவுக்கு எதிரே ஒருவர், 'தலையை நிமிர்த்தாதே, முதலில் குனி' என்று எழுதியிருக்கிறார். 'பக் அப்' என்பதற்கு மூன்று பொருள்கள், மூன்றும் போர்க்லிஃப்ற் அருகில். வேறு வேலைத்தலங்களில், பேக்கரியில், துப்புரவு வேலையில், முதியோர் பராமரிப்பில் இருக்கும் வாசகர்கள் தம் சொற்களை இப்பக்கங்களுக்கு எழுதுவார்களானால் இரண்டு கொப்பியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பட்டியலாக அல்ல, நடந்ததோடு எழுதவேண்டும்.

'யூ ஆர் ஓல் செற்' என்பதற்கு மாத்திரம் எங்கள் கொப்பியில் இன்னமும் பொருள் எழுதவில்லை. காசாளர் சொல்கிறார், டொக்டரின் வரவேற்பாளர் சொல்கிறார், சம்பளக் கந்தோரில் எமது முறைப்பாட்டுக் கடிதத்தை வாங்கி வைத்துவிட்டும் அதையேதான் சொல்கிறார்கள். 'எல்லாம் முடிந்தது' என்று ஒருவர் எழுதச் சொன்னார். 'இனிப் போம்' என்றுதான் பொருள் என்று இன்னொருவர் அடித்துச் சொல்கிறார்.